சம்பந்தி நடையும் ஒரு பரிசு ஆடும்

1

இந்தக் கதை ஒரு ஆட்டிடமிருந்து வந்தது என்று தொடங்கத்தான் எனக்கு ஆசை. உண்மை அவ்வளவு அழகாக இல்லை. அரசாங்க அதிகாரிகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் ரமணி என்ற அம்மையார் என்னைக் கூப்பிட்டு, தலைமைத்துவமும் ஊழியர் ஊக்கமும் என்ற பாடத்துக்கு ஒரு குட்டிக் கதை கேட்டார்.

"பழைய காலத்துக் கதையா இருக்கட்டும் சார். நம்ம ஆளுங்க ரயில் ரோட்டுல வேலை செஞ்ச காலம். சோர்ந்து போன வேலைக்காரங்க, ஒரு நல்ல ஆபீசர் வர்றாரு, எல்லாத்தையும் மாத்திக் காட்டுறாரு. ரெண்டு பக்கம் போதும் லா."

"முடிவு எப்படி இருக்கணும்?"

"சந்தோஷமாத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி வர்ற வகுப்பு சார். கலந்துரையாடக் கேள்வி நானே போட்டுக்கிறேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ரயில் வேலி ஓரமாக நடந்து வரும்போது, சின்ன முனியாண்டி கோவிலுக்கு வெளியே மாலை போட்ட ஆடு ஒன்று கட்டிக் கிடந்தது. தன் மாலையையே தின்றுகொண்டிருந்தது. பரிசாக ஒரு ஆடு கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அந்த நிமிடம் எனக்கு ஒரே சந்தோஷம். ரமணிக்கு வேண்டிய கதை கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கிடைக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்ட வேண்டாம். இந்தக் கதையில் தம்புசாமி என்று ஒருவர் வருகிறார். அவருக்கு ஒரு கால் போகப் போகிறது. அதைத் தடுக்க முடியுமா என்று பார்ப்பதுதான் மிச்சப் பக்கங்களில் என் வேலை.

2

தொடக்கம் ஒன்று: பெரிய வெள்ளம் வடிந்து ஓராண்டு ஆகியும் தண்டவாளத்து ஓரங்களில் சேற்று வாடை போகவில்லை. ரயில் பாதைச் சப்-இன்ஸ்பெக்டர் வேலாயுதம் ரயில் சன்னல் வழியே வெளியே பார்த்தபடி

(விட்டுவிட்டேன். சன்னல் வழியே வெளியே பார்க்கும் அதிகாரிகள் கதைகளில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.)

தொடக்கம் இரண்டு: ஊக்கம் என்பது வெளியிலிருந்து வருவதா, உள்ளிருந்து

(இது கதை இல்லை, மேடைப் பேச்சு. யாராவது சோடா கொண்டு வருவார்கள்.)

தொடக்கம் மூன்று: தம்புசாமி வெறுங்காலோடு தண்டவாளத்தின் மேல் ஓடினார்.

இது பிடித்திருந்தது, வைத்துக்கொண்டேன். தம்புசாமி ட்ராலிக்காரர். ட்ராலி என்பது நான்கு இரும்புச் சக்கரம், ஒரு பலகை, உட்கார ஒரு பெஞ்சு, வெயிலுக்கு ஒரு குடை. அதிகாரி உட்கார்ந்திருப்பார். ட்ராலிக்காரர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே தண்டவாளத்தின் மேல் ஓடுவார். இறக்கம் வந்தால் தாவிப் பலகையில் ஏறிக்கொள்வார். கைப்பிடி அகலம்கூட இல்லாத இரும்பின் மேல், மழையிலும் வெயிலிலும், ஒரு தடவைகூடத் தம்புசாமிக்குக் கால் தவறியதில்லை. அதில் அவருக்கு நிறையப் பெருமை. அவர் மனைவி பவுனம்மாள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கீரை போட்டு, கிள்ளான் பாசாரில் கொண்டு போய் விற்றார். கூடைக்காரிகளிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரரு கம்பி மேல ஓடுறவரு" என்று சொல்லிக்கொள்வார்.

பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் நடுவில் பிரிந்து ரப்பர் தோட்டங்களுக்குள் போகும், தம்புசாமி ஓடிய கிளைப் பாதையைப் போட்டவன் நானே. வரைபடத்தில் தேட வேண்டாம். துறையின் பெயரையும் கேட்க வேண்டாம். அந்தப் பாதையில் என்ன நடந்தாலும் பழி என்னுடையது.

3

வேலாயுதத்தைக் கெட்டவராக்கி எழுதிப் பார்த்தேன். தொப்பி, பிரம்பு, எதற்கெடுத்தாலும் அபராதம். கதை சுலபமாக ஓடியது, அதனால் நம்பிக்கை வரவில்லை. அப்படிப்பட்டவர் அவருக்கு முன்னால் இருந்தவர். வெள்ளத்துக்குப் பிறகு ஆட்களைப் பிழிந்து எடுத்தவரும் அவர்தான். வேலாயுதம் வந்து சேர்ந்தபோது, ஆட்கள் காலையில் வேலைக்கு நடந்து போவதைப் பார்த்தால் சாவு வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் மாதிரி இருந்தது.

வேலாயுதம் கிள்ளானில் படித்தவர், முப்பது வயதைத் தாண்டாதவர். ஆட்களின் பேரைக் கேட்டு, அதை மறக்காமல் கூப்பிட்டவர். யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கே போய் எட்டிப் பார்த்தவர். பாதை தங்களுடையது என்று ஆட்கள் நினைக்க வேண்டும், அப்படி நினைத்துவிட்டால் பிரம்புக்கு வேலை இல்லை என்று நம்பினார். அவரை எனக்குப் பிடிக்கும். எழுத எழுத இன்னும் பிடித்துப்போனது. இந்தக் கதையில் எனக்கு வந்த கஷ்டமே அதுதான்.

ஆட்கள் ஏற்கெனவே அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் எல்லாம் கேட்டார். அதை மட்டும் கேட்கவில்லை.

4

அவர் கேட்காதது இது.

அந்தக் கிளைப் பாதையைப் பராமரிக்க இரண்டு கேங். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துப் பாதிக்குக் கன்னையா மண்டோர். கிள்ளான் பக்கத்துப் பாதிக்கு ரெங்கசாமி மண்டோர். (மண்டோர் என்பவர் கேங்குக்குத் தலைவர். ஆட்களோடு சேர்ந்து மண்வெட்டியும் பிடிப்பார், அதிகாரியிடம் திட்டும் வாங்குவார்.) இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கல். தினமும் காலையில் இரண்டு மண்டோரும் நீளக் காம்புச் சுத்தியலோடு தத்தம் பாதையில் நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆப்புகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்து, கல்லைத் தொட்டுத் திரும்ப வேண்டும். சட்டம் அப்படி.

அவர்கள் கல்லோடு திரும்பியதில்லை. கன்னையா கல்லைத் தாண்டி ரெங்கசாமியின் பாதையில் மதகு வரைக்கும் தட்டிப் பார்ப்பார். ரெங்கசாமி கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் மாடுகள் பாதையைக் கடக்கிற மாட்டுக் கேட்டு வரைக்கும் வருவார். ஒவ்வொருவருடைய பாதையிலும் கல்லை ஒட்டிய ஓரத்தை மற்றவர்தான் பார்த்துக்கொண்டார்.

"நம்ம பாதையத் தெனம் நாமளே பாத்துப் பாத்துக் கண்ணு பழகிப் போயிருது," என்பார் கன்னையா. "அடுத்த ஆளு வந்து பாத்தாத்தான் கோணல் தெரியும்."

பார்த்து முடித்ததும் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். "சம்பந்தி, உங்க வீட்டுல ஒரு ஆப்பு ஆடிக்கிட்டு இருந்துச்சு. தட்டி வச்சுட்டேன்" என்று ஒருவர் சொல்வார். "நல்ல வேளை சம்பந்தி" என்பார் மற்றவர். இருவருக்கும் நடுவில் கொள்வினை கொடுப்பினை எதுவும் இல்லை. ரெங்கசாமிக்குக் குழந்தையே கிடையாது. விளையாட்டாக ஆரம்பித்த பேச்சு, ஆட்கள் அதற்குச் சம்பந்தி நடை என்று பேர் வைத்துவிட்டார்கள். வெள்ளத்தின்போது அந்த ஓரங்கள் மட்டும் அரித்துப் போகாமல் நின்றதற்கு அதுதான் காரணம். மேலிடம் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தது.

(சம்பந்தி நடை என்ற வழக்கம் எந்த ரயில் பாதையிலாவது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கட்டியது. ஆனால் நீங்கள் வேலை செய்யும் இடத்தில் அதற்கு வேறு பேர் இருக்கும், யோசித்துப் பாருங்கள்.)

5

சாமான் கொட்டகைக்கு முன்னால் வேலாயுதம் இரண்டு கேங்கையும் நிறுத்திப் பேசினார்.

"இனிமே அபராதம் கெடையாது. மாசா மாசம் ட்ராலியில வந்து பாதையப் பாத்து மார்க் போடுவேன். மூணு மாச மார்க்கையும் கூட்டி, எந்தக் கேங் பாதை நல்லா இருக்கோ அந்தக் கேங்குக்கு முனியாண்டி பூசைக்கு ஒரு ஆடு. அது என் செலவு."

  அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கெடாவாங்கய்யா, பொட்டையாங்கய்யா?"

"கெடாதான்."

கூட்டம் சிரித்தது. வெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான். வேலாயுதத்துக்குக் கண் கலங்கியது. அந்த இடத்தில் நான் கதையை முடித்திருக்கலாம். ரமணிக்கு அனுப்பியிருக்கலாம், சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக இருந்திருக்கும்.

அடுத்த மாதமே பாதை ஆளே மாறிப் போயிற்று. இரண்டு பக்கமும் புல் ஒட்ட வெட்டியிருந்தது. ஓரத்துக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ரெங்கசாமியின் ஆட்கள் மைல் கல்லுக்குக் குங்குமப் பொட்டு வைத்தார்கள் என்று தெரிந்து கன்னையாவின் ஆட்கள் தங்கள் மைல் கல்லுக்குச் செம்பருத்தி சாத்தினார்கள். மேலிடத்து வெள்ளைக்காரர் வந்து பார்த்து வேலாயுதத்தின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

மூன்றாவது மாதம், ஒரு காலை. கன்னையா வழக்கம்போலக் கல்லைத் தாண்டி மதகுக்குப் பக்கத்தில் ஒரு ஆப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். ரெங்கசாமி வேகமாக வந்தார்.

"கன்னையாண்ணே, இங்க எதுக்குச் சுத்தியலத் தூக்கிட்டு வர்றீங்க?"

சம்பந்தி என்று கூப்பிடவில்லை என்பதைக் கன்னையா கவனித்தார்.

"ஆப்பு ஆடுது."

"நேத்து நான் பாத்தப்ப ஆடலையே."

கன்னையாவுக்கு அதன் அர்த்தம் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டார். கல்லைத் தாண்டி வந்துவிட்டார். மறுநாளிலிருந்து இருவரும் கல்லைத் தொட்டுத் திரும்பினார்கள். சட்டப்படி.

வேலாயுதத்துக்கு எதுவும் தெரியவில்லை. முன்னெல்லாம் கல்லுக்குப் பக்கத்தில் சிதறிக் கிடக்கும் வெற்றிலைச் சாற்றுக் கறை இப்போது இல்லாததைப் பார்த்து, சுத்தத்துக்கென்று இரண்டு பக்கத்துக்கும் கூடுதல் மார்க் போட்டார்.

(இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். அன்று முழுக்க எழுதவில்லை.)

6

மழை தொடங்கியது. அதே வாரம் ரெங்கசாமி கேங்குக்கு ஆடு என்று கரும்பலகையில் எழுதினார்கள்.

மறுநாள் காலை கன்னையா கல் வரைக்கும் வந்தார். வந்தவருக்குப் பார்வை அந்தப் பக்கம் போயிற்று. பழக்கம். மதகுக்கு மேலே தண்டவாளம் கொஞ்சம் தொய்ந்திருந்தது. அடியில் சரளைக் கல்லை மழைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். மேலே சுண்ணாம்பு அடித்த கற்கள் மட்டும் வரிசை குலையாமல் பளிச்சென்று இருந்தன. ரெங்கசாமிக்கு அது தெரிந்திருக்காது. அந்த ஓரத்தை இத்தனை வருஷமும் பார்த்தது அவருடைய கண் இல்லை.

கன்னையா அங்கேயே நின்றார். பிறகு திரும்பி நடந்தார்.

இங்கே நான் என் பாத்திரத்தை நிறுத்திக் கேட்டேன். இப்படிச் செய்வது முறையில்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"ஏன் சொல்லல?"

"யார்கிட்டங்க சொல்றது? ரெங்கசாமிகிட்டச் சொன்னா, நான்தான் நோண்டி விட்டேம்பான். ஐயாகிட்டச் சொன்னா, ஆடு கெடைக்காத வயித்தெரிச்சல்னு எல்லாரும் பேசுவாங்க."

"ரயில் கவிழ்ந்திருந்தா?"

"அந்த எடத்துல ரயிலு மெதுவாத்தாங்க போவும். அது எனக்குத் தெரியும். ஐயா அடுத்த தடவ வந்து பாப்பாரு, மார்க்க வெட்டுவாரு, ஆடு குடுத்தது தப்புன்னு அவருக்கே வெளங்கும். அம்புட்டுத்தான் நெனச்சேன்."

"தம்புசாமிய நெனச்சீங்களா?"

கன்னையா சுத்தியலைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் ஊன்றினார்.

"அவன நெனைக்கலீங்க," என்றார்.

7

வேலாயுதம் ஆட்டைத் தானே கொண்டுபோய்க் கொடுக்க ஆசைப்பட்டார். யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்கிறவராக இருந்திருந்தால் அவரை எனக்குப் பிடித்திருக்காது, தம்புசாமிக்கும் கால் இருந்திருக்கும்.

கிடாவை ட்ராலி பெஞ்சின் காலில் கட்டினார்கள். இரண்டு பேர் தள்ள வேண்டிய ட்ராலி. கூடத் தள்ளுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் தம்புசாமி தனியாகத் தள்ளினார். ஆடு வழி முழுக்கக் கத்தியது.

"பயப்படாதடா, பரிசு நீ," என்றார் தம்புசாமி. வேலாயுதம் சிரித்தார்.

மாட்டுக் கேட்டைத் தாண்டினால் மதகு வரைக்கும் இறக்கம். தம்புசாமி தாவிப் பலகையில் ஏறிக்கொண்டார். பிரேக் கட்டை வேலாயுதத்தின் கைப்பக்கத்தில் இருந்தது. மழை விட்டு வெயில் அடித்தது. இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கற்கள் வரிசையாக ஓடி வந்தன. எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள் என்று அவர் பார்த்துக்கொண்டே வந்தார்.

தொய்வில் சக்கரம் எகிறியது. வேலாயுதம் புல்லில் போய் விழுந்தார். கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ட்ராலி சரிவில் உருண்டது, அதன் அடியில் தம்புசாமி. சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களில் முதலில் வந்தவர் கன்னையா. கல்லைத் தாண்டி ஓடி வந்தார். ட்ராலியை ஒற்றை ஆளாகத் தூக்கப் பார்த்தார். பின்னாலேயே வந்த ரெங்கசாமி மறுபக்கம் பிடித்தார். இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

8

தம்புசாமியின் காலைக் காப்பாற்ற நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. கன்னையா மனம் மாறி வேலாயுதத்திடம் ஓடி வந்து சொல்கிறார். வேலாயுதம் அவரைத் தட்டிக்கொடுத்து, நேர்மைக்கு இன்னொரு ஆடு தருகிறார். (இதை ரமணி மிகவும் விரும்புவார். எனக்குக் கூசியது. நேர்மைக்கும் ஆடு என்றால் அடுத்த மாதம் எத்தனை ஆப்பு தானாக ஆடும்?)

ஆ. வேலாயுதம் சரியான நேரத்தில் பிரேக் கட்டையை இழுக்கிறார். ட்ராலி தொய்வுக்கு முன்னால் நிற்கிறது. (எழுதினேன். கால் பிழைத்தது. ஆனால் அந்த இரண்டு பேரும் கல்லைத் தொட்டுத் திரும்பிக்கொண்டேதான் இருந்தார்கள். இன்னொரு மழையில் இன்னொரு மதகு.)

இ. அன்று காய்ச்சல் வந்தது தம்புசாமிக்கு. (அப்படியானால் தள்ளியவர் மற்றவர். அவருக்கு நான் பேர்கூட வைக்கவில்லை. பேர் இல்லாதவர் கால் போனால் பரவாயில்லை என்று ஒரு நிமிடம் எனக்கே தோன்றியது. வெட்கமாக இருந்தது, கிழித்துப் போட்டேன்.)

ஈ. சாமான் கொட்டகைக்கு முன்னால் நிற்கும் வேலாயுதம், ஆட்டைப் பற்றி வாயைத் திறப்பதற்கு முன்னால், "தெனம் காலையில நீங்க என்னென்ன செய்யிறீங்கன்னு எனக்கு ஒரு தடவ காட்டுறீங்களா?" என்று கேட்டு, கன்னையாவோடு கூடவே நடந்து

(இதுதான். இது ஒன்றுதான் சரி. ஆனால் இதை எழுதினால் கதை ஐந்தாம் பகுதியைத் தாண்டாது. நல்ல அதிகாரி கேட்டார், ஆட்கள் காட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத அந்தக் கதைக்காக எனக்கு எவ்வளவு ஏக்கமாக இருக்கிறது தெரியுமா.)

9

ஆகவே கால் போயிற்று. என்னை மன்னிக்க வேண்டியவர் தம்புசாமி, அவரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

வேலாயுதம் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.  தம்புசாமிதான் பேசினார்.

"ஆடு என்னாச்சுங்கய்யா? அடி பட்டுச்சா?"

"இல்ல. அதுக்கு ஒண்ணும் ஆகல."

"நல்ல வேள. கத்திக்கிட்டே வந்துச்சு."

பவுனம்மாள் கட்டிலின் மறுபக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கம்மா."

"ட்ராலி தள்ளுறவங்களுக்கு மார்க்கு உண்டாங்கய்யா?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வேலாயுதம் இல்லை என்று தலையசைத்தார். தம்புசாமி எந்தக் கேங்கிலும் இல்லையே, எதிலும் ஜெயிக்க முடியாதவராயிற்றே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கன்னையாவைப் போல அவரும் தம்புசாமியை நினைக்கவில்லை.

மேலிடம் விசாரித்து, காரணம் மழை என்று முடித்தது. பரிசுத் திட்டம் அருமையானது, மற்றப் பாதைகளிலும் நடத்தலாம் என்று சொல்லி அனுப்பியது.

அது வந்த மறுநாள் காலை வேலாயுதம் ட்ராலியில் போகவில்லை. நடந்து போனார். வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றார். இந்தப் பக்கமிருந்து கன்னையா சுத்தியலோடு வந்தார், அந்தப் பக்கமிருந்து ரெங்கசாமி வந்தார். இருவரும் கல்லைத் தொட்டார்கள். அவரைப் பார்த்து நின்றார்கள். யாரும் பிடித்துக் கட்டாத கிடா மட்டும் கல்லுக்கு இரண்டு பக்கமும் மாறி மாறிப் புல் மேய்ந்தது. அதை அறுக்க எந்தக் கேங்கும் வரவில்லை.

சம்பந்தி நடை பற்றி ஆஸ்பத்திரி வாசலில் ரெங்கசாமியின் ஆள் ஒருவர் அழுதுகொண்டே வேலாயுதத்திடம் சொல்லியிருந்தார். ஆகவே இப்போது அவருக்குத் தெரியும். அதைத் திரும்பக் கொண்டு வர வேண்டும். வேறு எதுவும் அவருக்கு வேண்டியதில்லை. இனி இருவரும் கல்லைத் தாண்டி நடக்க வேண்டும் என்று உத்தரவு போடலாம். போட்டால் நடப்பார்கள். தட்டிக்கூடப் பார்ப்பார்கள். ஆனால் உத்தரவுக்காக நடக்கிற நடையில் ஒருவரை ஒருவர் சம்பந்தி என்று கூப்பிட மாட்டார்கள். யாரும் சொல்லாமல் அவர்களாகச் செய்துகொண்டிருந்ததை, இவராகச் சொல்லித் திருப்பி வாங்க முடியாது. ஒரு அதிகாரியாக அவரிடம் இருந்தது எல்லாம் உத்தரவு, அபராதம், பரிசு. மூன்றையும் மனதுக்குள் எடுத்துப் பார்த்தார். மூன்றும் உதவவில்லை.

ரமணி, கலந்துரையாடக் கேள்வி நீங்களே போட்டுக்கொள்வதாகச் சொன்னீர்கள். மன்னிக்கவும், கேள்வியை நானே வைக்கிறேன், முடிவுதான் என்னிடம் இல்லை. உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் நாளைக் காலை ஏதாவது ஒரு கல்லுக்கு முன்னால் போய் நிற்கப் போகிறவர்கள்தானே. சாப்பாட்டுக்கு முன்னால் அவர்களிடம் இதைக் கொடுத்து, மீதியை எழுதச் சொல்லுங்கள். நான் பல தடவை எழுதி அடித்துவிட்டேன். காகிதம் இந்த இடத்தில் கிழிந்தே போயிற்று.

இரண்டு மண்டோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். வேலாயுதம் தொப்பியைக் கழற்றினார். கல்லின் மேல் வைத்தார். பிறகு சொன்னார்:

"கன்னையாண்ணே, ரெங்கசாமியண்ணே,